மேரி பெய்லியின் கிறிஸ்துமஸ்

ஒரு சினிமாப் படத்தைப்பற்றி ரசிகர்கள் கூறும் அபிப்பிராயம் பெரும்பாலும் அந்தப் படத்தோடு நின்றுவிடும். கதை எப்படி, நடிப்பு எப்படி, சங்கீதம் எப்படி என்று நிறைகுறைகளைச் சொல்லி அவர்கள் அமைந்துவிடுவார்கள். ஆனால் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் ஒரே குடும்பத்தார் ஒன்றாய் அமர்ந்து பார்க்கும் படம் என்று ஒன்று ஏற்பட்டுவிடுமானால், அதைப்பற்றிய அபிப்பிராயம் கலை விமர்சனத்தின் எல்லையைக் கடந்து சம்பிரதாயத்தின் எல்லைக்குள் புகுந்துவிடுகிறது. அமெரிக்க நாட்டில் கிறிஸ்துமஸ் காலத்துப் படங்கள் சிலவற்றுக்கு இதுதான் நேர்ந்திருக்கிறது. அத்தகைய படம் ஒன்றை வேறு நடிகர்களைக்கொண்டு மறுபடி எடுக்கத் துணிகிறவர், அதன் டைரக்டரோடு மட்டும் போட்டியிடவில்லை. லட்சக்கணக்கான வீடுகளின் பண்டிகை வழக்கத்தோடு போட்டியிடுகிறார். ஃபிராங்க் காப்ரா 1946இல் எடுத்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ என்ற படத்தையும், அதன் மறு ஆக்கமாக 1977 டிசம்பரில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘இட் ஹாப்பண்ட் ஒன் கிறிஸ்துமஸ்’ என்ற படத்தையும் அருகருகே வைத்து, இரண்டாவதைப்பற்றிப் பார்த்தவர்கள் கூறிவந்திருப்பவற்றை ஆராய்ந்தால், அந்த அபிப்பிராயங்களில் பல படத்தின் தரத்திலிருந்து பிறந்தவையல்ல என்பது புலப்படும்.

முதற்படத்தின் வரலாற்றை அறியாமல் மறு ஆக்கத்தின் கதியை விளங்கிக்கொள்ள இயலாது. ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற எழுத்தாளர் தாம் எழுதிய சிறுகதை ஒன்றை வெளியிட யாரும் முன்வராமையால் 1943இல் 200 பிரதிகள் தாமே அச்சிட்டு, நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பிவைத்தார். அந்தச் சிறு பிரசுரம் ஹாலிவுட்டை எட்டி, யுத்தம் முடிந்து திரும்பிய காப்ராவின் கைக்கு வந்தது. யுத்தத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிவிட்டு, மறுபடி நடிப்பதா வேண்டாமா என்ற தயக்கத்தோடு இருந்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஜார்ஜ் பெய்லி என்ற கதாநாயகனானார். பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற கற்பனையூரை எழுப்ப என்சினோவில் நாலு ஏக்கரில் எழுபத்தைந்து கட்டடங்கள் கொண்ட தெருக்கள் அமைக்கப்பட்டன. கோடை வெயிலில் படமாக்கப்பட்ட அந்தப் பனிக்காலத்துக்காக, நெருப்பணைக்கும் நுரையைச் சோப்பும் நீருமாகக் கலந்து புதுவகைப் பனியொன்று செய்தார்கள். அதுவரை வெண்சாயம் பூசிய சோள அவலே பனியாக உதவி வந்தது. அதன்மேல் நடிகர்கள் நடக்கும்போது எழும் நொறுநொறுப்பில் பேச்சு கேளாமற்போகும். புதுப்பனி ஓசையின்றி விழுந்ததனால் நடிகர்கள் பேசப் பேசவே ஒலிப்பதிவு செய்ய முடிந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு அகாடமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

இவ்வளவு சிரத்தையோடு எடுத்த படம் 1946 டிசம்பர் 20ஆம் தேதி நியூயார்க்கில் வெளியாகிப் போட்ட முதலை ஈடுசெய்யத் தவறியது. ஐந்து அகாடமி விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அவற்றில் ஒன்றேனும் கிட்டவில்லை. காப்ரா தம் தோழர்களோடு தொடங்கிய லிபர்ட்டி ஃபிலிம்ஸ் கம்பெனி விரைவில் கைமாறியது. படத்தின் உரிமையும் கைக்குக் கை மாறிச் சென்றது. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை முதலில் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் உரியவர் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 1974இல் இப்படத்தின் உரிமையாளர் அதைச் செய்யத் தவறினார். பணம் கொடுக்காமல் ஒளிபரப்பலாம் என்று ஏற்பட்டவுடன், ஊருக்கூர் இருந்த சிறிய தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் மாதத்தில் இதைத் திரும்பத் திரும்பக் காட்டத் தொடங்கின. முப்பது ஆண்டு மறக்கப்பட்டிருந்த சித்திரம் ஒன்று, சட்டப்படி செய்யவேண்டிய காரியம் ஒன்று விட்டுப்போனதனால், ஒரு தேசத்தின் பண்டிகைப் படமாயிற்று. தகுதியில்லாமல் அந்த இடம் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. தகுதி முப்பது ஆண்டும் அதனிடம் இருந்தது, அதைக் காணும் வாய்ப்பே மக்களுக்கு இல்லாமலிருந்தது. பிற்பாடு, மூலக்கதையின் உரிமை உள்ளவர் படத்தின்மீதும் அதிகாரம் செலுத்தலாம் என்று 1990இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைக்கொண்டு, 1993இல் ரிபப்ளிக் கம்பெனி இப்படத்தை மீண்டும் தன் உடைமையாக்கிக்கொண்டது. 1994 முதல் என்.பி.சி. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் அதைக் காட்டிவருகிறது. அதற்குள் சம்பிரதாயம் வேரூன்றிவிட்டது.

இந்தக் காலவரிசையில் 1977 எங்கே விழுகிறதென்பதைக் கவனிக்க வேண்டும். பதிப்புரிமை காலாவதியாகி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பழைய படம் சில ஊர்களில் வழக்கமாகத் தொடங்கியிருந்தது. சில ஊர்களில் அதன் பெயரைக்கூட இளந்தலைமுறை அறியாது. அந்த இடைவேளையில்தான் மார்லோ தாமஸ் கதாநாயகியாகத் தோன்றிய தொலைக்காட்சிப் படம் நாடெங்கும் ஒரே இரவில் ஒளிபரப்பாயிற்று. ‘தட் கேர்ள்’ என்ற தொடரில் தனித்து வாழும் இளம்பெண்ணாக நடித்துப் புகழ்பெற்றவர் அவர். பெண்ணுரிமை இயக்கத்தில் வெளிப்படையான ஈடுபாடு கொண்டவர். டொனால்ட் ரை டைரக்ட் செய்த அப்படத்தில் ஜார்ஜ் பெய்லியின் இடத்தில் மேரி பெய்லி நின்றாள். ஊரைவிட்டுப் போய் உலகைக் காணவேண்டுமென்று ஏங்குகிறவள் அவள். தந்தை விட்டுச்சென்ற வீட்டுக்கடன் சங்கத்தைக் காக்க ஊரிலேயே தங்கிவிடுகிறவளும், பணம் காணாமற்போன கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் தான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று மனமுடைகிறவளும் அவளே. கணவன் ஜார்ஜ் ஹாட்ச்சாக வேய்ன் ராஜர்ஸ் நடித்தார். ஜார்ஜுக்கு அவன் பிறக்காத உலகத்தைக் காட்டிய கிளாரன்ஸ் என்ற தேவதூதர் கிளாரா என்ற தேவதையானார். வேடம் ஏற்றவர் க்ளோரிஸ் லீச்மன். ஈரமற்ற தனவந்தன் பாட்டராக வந்தவர் ஆர்சன் வெல்ஸ்.

இவர்களுள் கடைசி இருவரைப்பற்றி ரசிகர் அபிப்பிராயம் ஏறக்குறைய ஒருமுகமாகவே இருந்துவந்திருக்கிறது. படத்தை அடியோடு வெறுப்பவர்கள்கூட வெல்ஸின் பாட்டரைப் புகழ்வதற்குத் தயங்குவதில்லை. லீச்மன் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். வெல்ஸுக்குக் கிடைத்த இந்தப் பாராட்டில், பலரும் கவனிக்காத பொருத்தம் ஒன்று உண்டு. முதற்படத்தில் பாட்டராக நடித்த லயனல் பாரிமோர், 1930களில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சமயத்தில் டிக்கன்ஸின் கஞ்சன் ஸ்க்ரூஜாக வானொலியில் நடித்துவந்தவர். அவர் குரலில்லாமல் பண்டிகை இல்லை என்று கேட்பவர்கள் கருதிய காலம் அது. 1938இல் அவரால் வர இயலாமற்போக, அந்த ஆண்டு ஸ்க்ரூஜாகக் குரல் கொடுத்தவர் இருபத்துமூன்று வயது வெல்ஸ். அடுத்த ஆண்டு பாரிமோர் திரும்பியபோது கதையை எடுத்துரைப்பவராக வெல்ஸ் அவர் அருகில் நின்றார். ஆகவே 1977இல் பாரிமோரின் ஆசனத்தில் வெல்ஸ் அமர்ந்தது இரண்டாம் முறை. பாரிமோரின் பாட்டரிடம் வாதநோயால் முடங்கிய உடம்பின் கசப்பு தெரியும். வெல்ஸின் பாட்டரிடம் தன் செல்வத்தைத் தானே ரசித்துச் சுவைக்கும் பருத்த மனிதனின் நிதானம் தெரியும். இரண்டும் வெவ்வேறு விதமான கொடுமை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரைந்தது அல்ல. மறு ஆக்கத்தில் ஒரு பாத்திரம் எப்போது ஒப்புக்கொள்ளப்படுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு: முன்னவரின் நிழலில் ஒதுங்காமலும், முன்னவரை மறுக்க வேண்டுமென்ற பிடிவாதம் இல்லாமலும் நடிகர் தம் உடம்பையும் குரலையுமே நம்பும்போது, பார்ப்பவர் ஒப்பிடுவதை மறந்துவிடுகிறார்.

மறு ஆக்கம் வர்ணத்தில் இருப்பதைச் சிலர் குறையாகச் சொல்வதை அதிகம் பாராட்ட வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையில் கண்ட ஊர் வர்ணத்தில் வேறாகத் தோன்றுவது இயல்பே.

மார்லோ தாமஸ் விஷயத்தில்தான் அபிப்பிராயம் பிளவுபடுகிறது. அவரை ஸ்டூவர்ட்டோடு ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். மார்டினியின் மதுக்கடையில் ஜார்ஜ் பெய்லி தனியே அமர்ந்து, தான் பிரார்த்தனை செய்து பழக்கமில்லாதவன் என்ற முறையீட்டோடு கடவுளை அழைக்கும் இடம் அது. ஒத்திகையில் இல்லாத கண்ணீர் அப்போது தமக்கு வந்துவிட்டதென்றும், நெருங்கி நின்று எடுக்க விரும்பினாலும் அது மறுபடி வருவது அரிதென்று உணர்ந்த காப்ரா பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் எட்ட இருந்த அந்த முகத்தையே சட்டம் சட்டமாகப் பெரிதாக்கினாரென்றும் ஸ்டூவர்ட் எழுதியிருக்கிறார். இதை அறிந்து பார்க்கிறவருக்குப் படத்தின் அந்தப் பகுதி மட்டும் சற்றே மங்கலாக, மணல் தூவினாற்போல் தெரியும். விரல்கள் வாயருகே நடுங்கும்; கண்கள் எதையும் பார்க்காமல் மேலே செல்லும். நடிப்பு என்று சொல்லத் தயங்கவைக்கும் ஒன்றை, நடிப்பென்றே பயின்று செய்யும் இன்னொருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. யுத்தத்திலிருந்து திரும்பிய மனிதர் ஒருவரின் சொந்தத் துயரம் அந்த முகத்தில் கலந்திருக்கிறது. மார்லோ தாமஸிடம் இருந்தது துடிப்பும் தெளிவும் நகைச்சுவையின் வேகமும். உடைந்துபோகும் இடத்தில் அவை போதவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போதாமையைக் கண்டவர்கள் அதை ஏன் இவ்வளவு கோபத்தோடு சொல்கிறார்கள் என்பதே ஆராயத்தக்கது.

அந்தக் கோபத்தின் ஊற்றுக்கண், எதை முதலில் பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. 1977இல் குழந்தைகளாகவோ இளைஞர்களாகவோ இருந்து, பழைய படத்தை அறியாமல் இதைப் பார்த்தவர்கள் மார்லோ தாமஸின் மேரியை அன்போடு நினைவுகூர்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டூவர்ட்டின் படத்தைக் கண்டபோது, அதுவே யாரோ ஒரு ஆண்பிள்ளையை வைத்து எடுத்த மாற்றுப்பிரதிபோலத் தங்களுக்குத் தோன்றியதென்றுகூடச் சொல்கிறார்கள். பழைய படத்தோடு வளர்ந்தவர்களோ மாற்றங்களையே எண்ணிக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். இருசாராரும் நேர்மையானவர்களே. தந்தையோ தாத்தாவோ அருகிலிருந்து சொல்லிச் சொல்லிக் காட்டிய காட்சிகளை வேறொருவர் நடித்துக்காட்டும்போது எழும் அயர்வு, நடிப்பின் குறையைப்பற்றியதல்ல. அருகிலிருந்தவர் இப்போது இல்லை என்ற நினைவும் அதில் இருக்கிறது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றையும் கருத வேண்டும். டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கதையை ஜார்ஜ் சி. ஸ்காட் நடிக்க 1984இல் தொலைக்காட்சிப் படமாக எடுத்தவர் கிளைவ் டானர். 1951இல் அலஸ்டர் சிம் நடித்த புகழ்பெற்ற ஸ்க்ரூஜ் படத்துக்குப் படத்தொகுப்பாளராக இருந்தவர் அவரே. தாம் வெட்டி ஒட்டிய படத்தின் கதையையே முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி எடுத்தபோது, துரோகம் செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. சிம்மைக் காட்டிலும் ஸ்காட்டே சிறந்தவர் என்று சொல்லும் குடும்பங்கள் பல உண்டு. ஏனெனில் அங்கே எல்லாப் படங்களுக்கும் மேலாக மூலநூல் ஒன்று நிற்கிறது. அதற்கு எந்தப் படமும் முழுச் சொந்தம் கொண்டாட முடியாது. ஸ்டெர்னின் கதையைப் படித்தவர்கள் அரியர். ஆகவே பெய்லியின் கதைக்குக் காப்ராவின் படமே மூலநூலாயிற்று. ‘மிராக்கிள் ஆன் தர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்’ படத்தின் 1973ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி ஆக்கத்துக்கும், செபாஸ்டியன் காபட்டைப்போன்ற நல்ல நடிகர் இருந்தும், இதே கதி நேர்ந்தது. 1947இன் எட்மண்ட் க்வென்னே கிறிஸ்துமஸ் தாத்தா என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டிருந்தது.

முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வதே வழிநூல் என்பது நன்னூலாரின் கொள்கை. அந்த வேறுபாடு முதனூலிலேயே மறைந்து கிடந்த ஒன்றை எடுத்துக்காட்டுவதாக இருந்தால் வழிநூலுக்குத் தனிக் கௌரவம் உண்டு. மறு ஆக்கத்தை எடுத்தவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமல் செய்தார்களோ, ஜார்ஜை நீக்கி மேரியை நிறுத்தியது அத்தகைய வேறுபாடு என்பது என் கருத்து. முதற்படத்தில் ஜார்ஜின் மனைவியாக டோனா ரீட் நடித்த மேரி எத்தனை காரியங்களைச் செய்கிறாள் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கடன் சங்கத்தில் பணம் போட்டவர்கள் பீதியோடு திரண்டு நிற்கும்போது தேனிலவுக்கென்று வைத்திருந்த 2000 டாலரை உயர்த்திக் காட்டுகிறவள் அவள். பாழடைந்து மழை ஒழுகும் வீட்டைக் குடியிருக்கத்தக்கதாக்குகிறாள். நாலு குழந்தைகளை வளர்க்கிறாள். தேவதூதர் கணவனுக்குத் தரிசனங்களைக் காட்டிக்கொண்டிருந்த அதே இரவில், சிலரிடம் செய்தி சொல்லி ஊரெங்கும் பணம் திரட்டச் செய்கிறாள். ஜார்ஜின் உயிரைத் தேவதூதர் காத்தார்; அவனுடைய மானத்தையும் சங்கத்தையும் காத்தவள் மேரி.

அத்தகையவளுக்கு, ஜார்ஜ் பிறக்காத உலகத்தில் அப்படம் கொடுத்திருக்கும் இடம் யாது? மேரி எங்கே என்று ஜார்ஜ் உலுக்கிக் கேட்க, தேவதூதர் சொல்லத் தயங்கித் தயங்கிக் கடைசியில், அவள் நூலகத்தைப் பூட்டிக்கொண்டிருப்பாள் என்கிறார். மூக்குக்கண்ணாடியும் இறுக்கமான தொப்பியும் அணிந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆண்மகன் ஒருவன் நெருங்கினால் அலறுகிற பெண்ணாக அவள் வெளியே வருகிறாள். தம்பியின் கல்லறையைக் கண்டதற்கு அடுத்தபடியாக ஜார்ஜுக்குக் காட்டப்படும் பெரும் பயங்கரம் இது: மேரிக்கு மணமாகவில்லை, அவள் நூலகத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். இந்த இடத்தில் மட்டும் மனம் ஒப்பாமல் வருந்துவதாகப் பெண் ரசிகர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வது முற்றிலும் நியாயம். ஊரையே தாங்கக்கூடிய ஒருத்தி, கணவன் ஒருவன் வாய்க்காமையால் மட்டும் நிழலைக் கண்டு நடுங்குவாள் என்பதை, அதற்கு முன்னால் அப்படமே அவளைப்பற்றிக் காட்டியிருக்கும் எதுவும் ஆதரிக்கவில்லை. 1977ஆம் ஆண்டுப் படம் கேட்கும் கேள்வி நேர்மாறானது: மேரி இல்லாவிட்டால் ஊர் என்னவாகும்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. முப்பது ஆண்டு கழித்தாவது ஒருவர் கேட்டார்.

கேள்வி சிறந்ததாயிருந்தும் படம் ஏன் அத்தனை உள்ளங்களை உருக்கவில்லை? பல காட்சிகள் மூலத்தை அடியொற்றியே சென்றமையால், பெண் ஒருத்தி அந்தக் காலத்தில் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் எவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்திருப்பாள் என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை என்று விஷயமறிந்த ரசிகர்கள் கூறுவது உண்மை. ஆயினும் அதைவிட ஆழமான காரணம் படத்தில் இல்லை, பார்ப்பவரிடம் இருக்கிறது. ஜார்ஜ் பெய்லி தன் படிப்புக்கென்று சேர்த்த பணத்தைத் தம்பிக்குக் கொடுக்கிறான். பெட்டி வாங்கியும் பிரயாணம் போகாமல் நிற்கிறான். தகப்பனார் தொழிலைச் சுமந்து, தாயாருக்கு அருகில், பிறந்த ஊரிலேயே தலை நரைக்கிறான். ஆண் ஒருவன் இப்படிச் செய்வதை உலகம் எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அது தியாகமாகத் தோன்றுகிறது, கண்ணீர் வருகிறது. மேரி பெய்லி அதே காரியங்களைச் செய்யும்போது, பார்ப்பவர் தம் தாயும் அத்தையும் தமக்கையும் செய்துவந்ததையே மறுபடி பார்க்கிறார். தம்பிக்காகப் படிப்பை நிறுத்திய பெண்களையும், தாயாருக்காக ஊரிலேயே தங்கிவிட்ட பெண்களையும் அறியாத குடும்பம் எந்தத் தேசத்தில் இருக்கிறது? அவர்களுடைய கனவை எவரும் கேட்டறிந்ததில்லையாதலால், அக்கனவு நிறைவேறாமற்போனது கதைக்குரிய விஷயமாகவே எவருக்கும் படவில்லை. மறு ஆக்கம் சப்பென்றிருந்தது என்று சொல்கிற ரசிகரிடம், எந்த இடத்தில் சுவாரசியம் குறைந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இந்த இடத்தையே காட்டுவார்: அவள் ஊரில் தங்கிவிட முடிவு செய்யும் இடம். ஜார்ஜ் தங்கியபோது அவருக்கு நெஞ்சடைத்தது. மேரி தங்கியபோது அது இயல்பாகப் பட்டது.

எதிர்த்தரப்பில், அந்த 1977ஆம் ஆண்டு இரவைப்பற்றி அக்கறையோடு பேசுகிறவர்களில் அன்று சிறுமிகளாக இருந்தவர்கள் கணிசமானவர்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மார்லோ தாமஸின் நடிப்பில் குறை உண்டென்பதை அவர்கள் மறுப்பதில்லை. கறுப்பு வெள்ளைப் படமே கலைநயத்தில் உயர்ந்ததென்பதையும் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும் பெண் ஒருத்தி பிறக்காமற்போனால் ஓர் ஊரின் வீடுகள், கடைகள், சகோதரன், தாய் எல்லாமே உருமாறிச் சிதைந்துபோகும் என்று காட்டிய கதையை அந்த வயதில் தாங்கள் வேறெங்கும் கண்டதில்லை என்கிறார்கள். அவர்களுடைய அபிப்பிராயத்தை வெறும் இளமை நினைவென்று ஒதுக்குவோர், ஸ்டூவர்ட்டின் படத்தைப்பற்றிய தங்கள் அபிப்பிராயமும் எந்த வயதில், யார் பக்கத்தில் இருந்து பார்த்தபோது அமைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய படம் இன்றும் ஆண்டுதோறும் ஒளிபரப்பாகித் தன் கட்சிக்காரர்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறது. புதிய படத்துக்கோ அந்த நிரந்தர இடம் ஒருபோதும் கிட்டவில்லை, அதை வாங்கிவைத்துப் பார்ப்பதும் எளிதாயில்லை. ஒரு தரப்பின் சாட்சிகள் மட்டும் ஆண்டுதோறும் புதிதாகப் பிறக்கும் வழக்கில், மற்றத் தரப்பில் எஞ்சியிருக்கும் சிலர் சொல்வதற்குக் கூடுதலாகச் செவிசாய்ப்பது ஆராய்ச்சியாளரின் கடமை என்று நான் கருதுகிறேன்.